பயிற்சியில் அடிபட்டால்: முதல் நிமிடத்திலிருந்து மறுபடி களத்தில் இறங்கும் நாள் வரை

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மைதானத்து மணலில் கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் பாய்ந்து உதைத்துவிட்டு இறங்கும்போது வலது பாதம் உட்பக்கமாக மடிந்து விழுந்தான். ஓடிப்போய் "எங்க நோகுது?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை சேர்" என்று எழும்பி நின்றான். முகம் வெளிறியிருந்தது. அடுத்த மாதம் அவனுக்குப் பட்டித் தேர்வு இருந்தது. எழும்பி நிற்கிறான்தானே என்று நானும் விட்டுவிட்டேன். வகுப்பு முடியும்வரை உதைத்தான், பிறகு சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனான். இரவு அவனுடைய அம்மம்மா சுடுதண்ணீர் ஒத்தணம் கொடுத்து, நோவெண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டிருக்கிறார். விடிய அவனால் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோது கணுக்கால் எலும்பு வளரும் இடத்தில் வெடிப்பு.

அம்மம்மா தனக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார். அன்றைக்கு அவனை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்.

அதன்பிறகு முதலுதவிப் பயிற்சி எடுத்தேன், வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தேன். சின்னக் காயம் பெரிதாவதற்கு நான் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் இரண்டு. அடிபட்டவர் மறைப்பது ஒன்று. பக்கத்தில் நிற்பவர்கள் உடனே உருவிவிடுவது மற்றது. கராத்தேயோ சிலம்பமோ குத்துச்சண்டையோ, பயிற்சி கொடுப்பவர்களும் பெரிய மாணவர்களும் பெற்றோரும் இந்த இரண்டையும் தடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதியை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

வகுப்புத் தொடங்குமுன்

நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மோதிரம், தோடு, சங்கிலி கழற்றப்பட வேண்டும். கோயிலில் கட்டிய காப்புநூலைக் கழற்றப் பல பிள்ளைகள் விரும்பமாட்டார்கள். அதை வற்புறுத்தாமல் மேலே துணிப் பிளாஸ்டர் சுற்றிவிடலாம். மணல் தரையென்றால் ஐந்து நிமிடம் எல்லோரும் வரிசையாக நடந்து கண்ணாடித்துண்டு, நெருஞ்சி முள், பனை மட்டைக் கருக்கு எல்லாவற்றையும் பொறுக்கட்டும். எங்கள் வகுப்பில் இதையே உடம்பைச் சூடாக்கும் முதல் வேலையாக வைத்திருக்கிறோம்.

ஒரு பெட்டி தேவை. அதற்குள் நெய்த்துணிப் பட்டைகள், நான்கு அங்குல இழுவை பண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி, துணிப் பிளாஸ்டர், காயம் கழுவச் சேலைன் போத்தல், கத்தரிக்கோல், ஒருமுறை பாவிக்கும் கையுறைகள், உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட்டுகள் இருந்தால் போதும். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுத் தொலைபேசி எண்ணும், ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை உள்ளவர்களின் விபரமும் ஒட்டியிருக்க வேண்டும். அதோடு 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடுதான் வடக்கிற்கும் வந்தது. ஆனாலும் அவசரத்தில் ஓட்டோ தேடி ஓடும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. தலை, கழுத்து, முதுகெலும்பு அடிகளில் ஓட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோவது நல்லதல்ல.

ஐஸுக்கும் முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள். மைதானத்தில் பிரிட்ஜ் இருக்காது. பக்கத்துக் கூல்பாரில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதுவும் இல்லாத இடத்தில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துவாய் உதவும். அடிக்கடி நனைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஒரு நிமிடம்

அடிபட்டவுடன் எல்லோரையும் நிறுத்துங்கள். விழுந்தவரை உடனே கைபிடித்துத் தூக்காதீர்கள். தூக்கி நிறுத்துவது நம் கைகளுக்குப் பழகிப்போன செயல், அதனால் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அவர் கிடக்கும் இடத்துக்கு நீங்கள் குனிந்து போங்கள்.

முதலில் நினைவோடு இருக்கிறாரா, கழுத்து நோகிறதா என்று பாருங்கள். கழுத்து எலும்பில் நோ இருந்தாலோ, கைகால் விறைத்தாலோ, மரத்தாலோ அசைக்காமல் தலையை இரு கைகளாலும் அப்படியே பிடித்துக்கொண்டு 1990 ஐ அழைக்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் ஆறுதலாகக் கேளுங்கள்: எப்படி விழுந்தாய், எங்கே நோகுது, சத்தம் ஏதும் கேட்டதா? பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவு, வீக்கம், நிறமாற்றம் தெரிகிறதா? அதன்பின் விரல் நுனியால் எலும்பின் மேல் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கடைசியில்தான் அவராக அசைக்கட்டும். நீங்கள் பிடித்து அசைக்கக்கூடாது.

"விளையாடலாமா" என்று அடிபட்டவரிடம் கேட்கவேண்டாம். விளையாடலாம் என்றுதான் சொல்வார். பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் உரத்துச் சொல்வார். தீர்மானம் பயிற்சி கொடுப்பவருடையது. இதை வகுப்பின் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் மானப்பிரச்சினை வராது.

கணுக்கால்: அதிகம் வருவது, அதிகம் பிழைவிடுவது

கால் உட்பக்கம் மடியும்போது வெளிப்பக்கத்துத் தசைநார்கள் இழுபட்டு, சில இழைகள் அறுகின்றன. இதைத்தான் சுளுக்கு என்கிறோம். அறுந்த சின்ன இரத்தக்குழாய்களிலிருந்து உள்ளே இரத்தம் கசிவதால் வீக்கமும் நீல நிறமும் வருகின்றன.

இது வெறும் சுளுக்கா, எலும்பு முறிவா என்று களத்திலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் வைத்தியர்கள் 1992 இல் வெளியிட்ட விதிமுறை அது, இன்றும் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பாவிக்கப்படுகிறது. கணுக்காலின் உட்புறமும் வெளிப்புறமும் புடைத்து நிற்கும் இரண்டு எலும்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நுனியிலும், பின்பக்க ஓரமாக மேலே 6 சென்ரிமீற்றர் வரையும் அழுத்திப் பாருங்கள். பிறகு பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிக்காலுக்கும் நடுவில் துருத்தும் எலும்பு. பிறகு உட்பக்க வளைவின் மேலே உள்ள எலும்பு. இந்த இடங்களில் எதையாவது அழுத்தும்போது எலும்பிலேயே நொந்தால் எக்ஸ்ரே தேவை. நான்கு காலடி எடுத்து நடக்க முடியாவிட்டாலும் தேவை. நொண்டி நொண்டி நடந்தாலும் நான்கு காலடி நான்கு காலடிதான். நோகும் இடம் எலும்புக்கு முன்னால் உள்ள மெத்தென்ற பகுதி மட்டும்தான், நடக்கவும் முடிகிறது என்றால் பெரும்பாலும் சுளுக்கு.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளரும் வயதில் எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் உள்ள வளர்ச்சித் தகடு தசைநாரைவிடப் பலம் குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்கு வரும் அதே மடிப்பில் பிள்ளைக்கு அந்தத் தகடு விலகிவிடலாம். என்னிடம் வந்த அந்தப் பெடியனுக்கு நடந்தது இதுதான். பதினாறு வயதுக்குக் கீழ், மூட்டுக்குப் பக்கத்து எலும்பில் நோ என்றால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

சுளுக்கு என்று தெரிந்தால் செய்யவேண்டியது இது. பயிற்சி அன்றோடு நிற்கட்டும். ஐஸ்கட்டிகளைப் பையில் போட்டு, மெல்லிய ஈரத்துணி சுற்றி 15 நிமிடம் வையுங்கள், 20 ஐத் தாண்டவேண்டாம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் கருகும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள் செய்யலாம். பண்டேஜைக் கால்விரல்களுக்குக் கிட்டத் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். குதிக்காலையும் சேர்த்து எட்டு வடிவில் போனால் வழுகாது. சுற்றியபின் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு செக்கனுக்குள் சிவப்புத் திரும்பாவிட்டால், அல்லது விரல் மரத்தால், இறுக்கம் கூடிவிட்டது, அவிழ்த்துத் திரும்பச் சுற்றவேண்டும். இரவில் பண்டேஜைக் கழற்றிவிட்டு, இரண்டு தலையணை வைத்துக் கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி படுங்கள்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், இறுக்கம், உயர்த்தல் என்ற நான்கையும் 1978 இல் சேர்த்துச் சொன்ன அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், பின்னாளில் ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதிக்கலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத் திருத்தும் வேலையின் ஒரு பகுதி என்பது இப்போது நன்றாக விளங்கியிருக்கிறது. அதனால் நான் ஐஸை நோவைக் குறைக்க மட்டும், முதல் நாள் இரண்டு நாளுக்கு மட்டும் கொடுக்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து, நோவு தாங்கும் அளவுக்குக் காலை மெதுவாக அசைக்கவும் நடக்கவும் சொல்கிறேன். இரண்டு கிழமை கட்டிலில் கிடந்தால் கால் பலவீனமாகத்தான் எழும்பும்.

உருவுவதா, வேண்டாமா

முதல் மூன்று நாள் உருவவேண்டாம், சூடு வைக்கவேண்டாம். அக்ஸ் ஒயில், சித்தாலேப, வீட்டில் காய்ச்சிய எண்ணெய் எதுவானாலும் அழுத்தித் தேய்ப்பதுதான் பிரச்சினை. உள்ளே கசிந்துகொண்டிருக்கும் குழாயைத் தேய்த்துத் திறந்துவிடுகிறோம், வீக்கம் கூடுகிறது. கீழே முறிவு இருந்தால் விலகாமல் இருந்த எலும்பும் விலகலாம்.

தொடையில் முழங்கால் பட்டு வரும் கண்டலுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்லவேண்டும். தொடைத் தசை எலும்போடு நசுங்கி உள்ளே இரத்தம் கட்டும். அதை முதல் நாட்களில் உருவினால் சிலருக்கு அந்த இரத்தக்கட்டிலேயே எலும்பு போலக் கட்டிபடத் தொடங்கும், முழங்கால் மடிக்க முடியாமல் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்கு ஐஸ் வைக்கும்போது முழங்காலை நோவு விடும் அளவுக்கு மடித்து வைத்துக்கொள்ளுங்கள், தசை சுருங்கி விறைக்காது. முழங்காலுக்குக் கீழே அடிபட்டுக் கால் கல்லுப்போல இறுகி, நேரம் போகப்போக நோவு கூடி, விரல்களை அசைக்கும்போது தாங்கமுடியாமல் இருந்தால் அது தசைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி.

நம் ஊரில் முறிவு நெரிவுப் பரியாரிகளிடம் போகும் வழக்கம் ஆழமானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை பார்த்து அறிந்தவர்கள் இருக்கிறார்கள், கைதடியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பாகவே நடக்கிறது. நான் கேட்பது ஒழுங்கு மட்டும்தான்: முதலில் எக்ஸ்ரே. எலும்பு விலகவில்லை என்று தெரிந்தபிறகு, வீக்கம் இறங்கிய நாட்களில், எண்ணெயும் ஒத்தணமும் மருந்துப் பத்தும் போடுங்கள். விறைத்துப்போன தசைக்கு அப்போது சூடு உண்மையிலேயே சுகம் தரும்.

விரல், மணிக்கட்டு

தடுக்கும்போது விரல் நேராக இடிபட்டு வீங்குவது சாதாரணம். யாரும் பிடித்து இழுக்கக்கூடாது. "சொடக்கு எடுத்தால் சரி" என்று இழுத்து, வெடிப்பை முறிவாக்கியதைக் கண்டிருக்கிறேன். ஐஸ் வையுங்கள். பிறகு விரல்களுக்கிடையில் சின்னப் பஞ்சு வைத்து, பக்கத்து விரலோடு மூட்டுகளுக்கு மேலும் கீழும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பக்கத்து விரல் தாங்கிக்கொள்ளும்.

விரல் நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியாவிட்டால் அங்கே தசைநார் அறுந்திருக்கிறது. நோவு குறைவாக இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை ஒரு நிமிடமும் மடியாமல் தடுப்புக் கட்டினால்தான் சரியாகும், காலம் தாழ்த்தினால் நுனி அப்படியே தொங்கும். கை பொத்தும்போது சுண்டுவிரல் மொளி உள்ளே போயிருந்தால், அல்லது ஒரு விரல் மற்றதன் மேல் ஏறினால் முறிவு. பெருவிரல் அடிமூலத்துக்கு மேலே மணிக்கட்டில் உள்ள பள்ளத்தில் அழுத்தினால் நொந்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பத்துப் பதினான்கு நாளில் திரும்பக் காட்டவேண்டும். அந்தச் சின்ன எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, முறிவு ஒளிந்திருக்கும்.

மொளியில் எதிராளியின் பல் பட்டு வெட்டினால், எவ்வளவு சின்னதானாலும் அன்றே வைத்தியரிடம் போங்கள். பார்க்க அரை அங்குலக் கீறல். ஆனால் வாயிலுள்ள கிருமிகள் மூட்டுக்குள்ளேயே இறங்கிவிடும்.

மூக்கு, வாய், பல்

மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இரத்தம் தொண்டைக்குள் இறங்கிச் சத்தி வரும். இருத்தி, முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரு விரலால் இறுகப் பிடித்து 10 நிமிடம் விடாமல் வைத்திருங்கள். நடுவில் விட்டுப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. வாயால் மூச்சு விடட்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. நின்றபிறகு இரண்டு பக்கமும் அடைத்து, நடுத் தண்டு உப்பி இருந்தால் அன்றே காட்டவேண்டும், விட்டால் மூக்கின் குருத்தெலும்பு அழுகிப்போகும்.

பல் முழுதாகக் கழன்றால் அதைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் பட்டிருந்தால் பாலிலோ சேலைனிலோ சில செக்கன் அலசி, முடிந்தால் அதே குழியில் மெதுவாக வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலுக்குள் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் தண்ணீரில் போடக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியர் கையில் சேர்ந்தால் காப்பாற்ற வாய்ப்பு நன்றாக உண்டு, அரை மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. நெடுந்தீவில் பயிற்சி நடத்துபவர்களுக்குக் குறிகட்டுவானுக்கு வரும் படகிலேயே அந்த நேரம் போய்விடும். அங்கே பல்லைக் குழியில் திரும்ப வைக்கத் தெரிந்த ஒருவர் களத்தில் இருப்பது கட்டாயம். சிறுபிள்ளையின் பாற்பல்லை மட்டும் திரும்ப வைக்காதீர்கள், உள்ளே வளரும் நிலையான பல்லைக் கெடுத்துவிடும். இதெல்லாம் வராமல் இருக்க வாய்க்காப்பு இல்லாமல் ஒருவரையும் மோதலுக்கு இறக்காதீர்கள்.

தலை

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டுமுறை வாசியுங்கள். தலையில் அடிபட்டு மயங்காமல் இருந்தாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. தலையில் நேரே படாமல் உடம்பில் பட்ட அடி தலையைக் குலுக்கினாலும் வரும்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், வெளிச்சம் கூசுதல், பதில் சொல்லத் தாமதித்தல், திகைத்த பார்வை, தேவையில்லாத அழுகை அல்லது கோபம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு முழுதாக நிறுத்தம். "இப்ப சரியாப் போச்சு" என்று பத்து நிமிடத்தில் சொன்னாலும் நிறுத்தம்தான். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது பட்டால் மூளை வீங்கி உயிர் போகக்கூடும். இளம் வயதினருக்கு இந்த ஆபத்து கூட.

சோதிக்க, இடமும் நேரமும் சார்ந்த கேள்விகள் கேளுங்கள்: நாம் எங்கே நிற்கிறோம், இன்றைக்கு எந்தப் பயிற்சியில் தொடங்கினோம், சற்றுமுன் யாரோடு மோதினாய்? பெயரும் வயதும் கேட்டால் அதிர்ந்தவரும் சரியாகச் சொல்லிவிடுவார், அது சோதனையாகாது.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, ஒரு கண்மணி பெரிது மற்றது சிறிது, பேச்சுக் குழறல், எழுப்பக் கடினமான உறக்கம், காதால் அல்லது மூக்கால் தெளிந்த நீர் வருதல், கைகால் பலவீனம், சிறிது நேரமேனும் நினைவிழப்பு. இதில் எது கண்டாலும் 1990. யாழ்ப்பாண நகருக்குள் என்றால் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் போதனா வைத்தியசாலை. பருத்தித்துறைப் பக்கத்தில் மந்திகை, வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்கு முதலில் போகலாம்.

ஆபத்தான அறிகுறி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் தனியே அனுப்பாதீர்கள், சைக்கிளிலும் அனுப்பாதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு நேரில் சொல்லிக் கையளியுங்கள். முதல் இரவு ஒருவர் கூடவே இருக்கவேண்டும். நித்திரை கொள்ளவே விடக்கூடாது என்ற பயம் தேவையில்லை, எழுப்பினால் ஒழுங்காக எழும்புகிறாரா என்று பார்த்தால் போதும்.

திரும்பி வரும் ஒழுங்கு இப்படி. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் இலகுவான ஓய்வு. தொலைபேசித் திரையைக் குறைக்கவேண்டும், வீட்டுக்குள் நடக்கலாம். பிறகு நடை, சைக்கிள். பிறகு தனியே செய்யும் அடவுகளும், கட்டா என்ற கராத்தே அசைவுத் தொடரும். பிறகு ஆளோடு படாத கடுமையான பயிற்சி. வைத்தியர் சம்மதித்தபின்தான் தொடும் பயிற்சி, கடைசியில் முழு மோதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். பாடசாலைப் பிள்ளை, படிப்புக்கு முழுதாகத் திரும்பியபிறகே மோதலுக்குத் திரும்பலாம்.

வயிறு, கவட்டு, கண்

மேல்வயிற்றில் அடிபட்டு மூச்சு நின்றதுபோல் வந்தால் அது உதரவிதானம் இழுத்துப்பிடிப்பது. முழங்காலை மடித்துப் படுக்கவிட்டு, "மெதுவா வெளியே ஊது" என்று ஆறுதல் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியும். அதன்பின்னும் வயிறு நோகுது, தோள்மூட்டு நோகுது, முகம் வெளிறுது என்றால் உள்ளே இரத்தப்போக்கு இருக்கலாம்.

கவட்டில் அடி என்றால் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நோவு இறங்கவேண்டும். இறங்காவிட்டாலோ விதை வீங்கி மேலே ஏறியிருந்தாலோ உடனே கொண்டுபோகவேண்டும், ஆறு மணித்தியாலம் தாண்டினால் விதையைக் காப்பாற்றுவது கடினம். இதை வீட்டில் சொல்ல வெட்கப்படவேண்டாம் என்று பெடியன்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவைப்பது உங்கள் கடமை.

கண்ணில் விரல் பட்டால் கசக்கவேண்டாம். பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கறுப்பு விழியில் இரத்தம் தெரிந்தாலோ அழுத்தாமல் மூடி அனுப்புங்கள்.

தோலும் பாதமும்

வெட்டுக்காயத்தில் சுத்தமான துணி வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றபின் ஓடும் சுத்தத் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சிகரெட் சாம்பல் எதையும் காயத்துக்குள் போடாதீர்கள். விளிம்பு விரிந்து நின்றால் தையல் வேண்டும், அன்றைக்கே போகவேண்டும். மண்ணிலோ துருவிலோ பட்டதென்றால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள்.

சிலம்பத்தில் உள்ளங்கையில் கொப்புளம் வரும். உடைக்காமல் மூடி விடுங்கள். தானாக உடைந்தால் மேல்தோலைப் பிய்க்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடுங்கள். படர்தாமரை தொற்றிய பிள்ளை, மருந்து பூசி, மூடி, வைத்தியர் சொன்ன நாள் வரை பாயில் உருளக்கூடாது. கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டெரொயிட் களிம்பு அதை இன்னும் பரப்பும்.

வெயில் காலத்தில் கெண்டை பிடித்தால் மெதுவாக நீட்டி, ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். வெயிலில் நின்றவர் குழம்பிப் பேசினால் அது கெண்டை அல்ல, வெப்பத்தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 ஐ அழையுங்கள்.

நோக்குளிசை

பனடோல் (பரசிற்றமோல்) போதும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து வைத்தியரோ மருந்தாளரோ சொல்லும் அளவு.

ஐபுபுரோபன், டைக்குளோபெனக் போன்றவற்றை நம் ஊரில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும் காலம் அது. காய்ச்சலோடு இருப்பவர் அடி நோவுக்கு இவற்றை எடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்தாகிவிடும். அந்த மாதங்களில் ஒரு பிள்ளைக்கு அடியே படாத இடத்தில் கண்டல்கள் தெரிந்தால், பல்முரசில் இரத்தம் கசிந்தால், அதைப் பயிற்சிக் காயம் என்று எடுத்துக்கொள்ளாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மறுபடி களத்தில் இறங்குவது

நோவு போனது மட்டும் அளவுகோலாகாது. கணுக்காலுக்கு நான் பார்ப்பது: அடிபட்ட காலில் மட்டும் கண்மூடி 20 செக்கன் நிற்க வேண்டும், அதே காலில் பத்துமுறை குதிக்கவேண்டும், மற்றக் காலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியக்கூடாது. கைக்கு, நோவில்லாமல் தண்டால் எடுக்க முடியவேண்டும். பிறகு நடை, மெல்லோட்டம், அடவுகள், பைக்கு அடித்தல், மெதுவான இருவர் பயிற்சி, அதற்குப் பிறகு மோதல். ஒரு நாள் செய்ததற்கு மறுநாள் விடிய வீக்கம் கூடியிருந்தால் முந்தின படிக்குத் திரும்பவேண்டும்.

அடிபட்ட பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்லவேண்டாம், வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். நேரம் பார்க்கட்டும், எண்ணிக்கை சொல்லட்டும், மற்றக் கையால் செய்யக்கூடியதைச் செய்யட்டும். வீட்டில் இருத்தினால் அடுத்தமுறை மறைப்பார்கள்.

ஒரு கொப்பியும் வையுங்கள். திகதி, யார், எப்படிப் பட்டது, என்ன செய்தோம், யாரிடம் கையளித்தோம், எப்போது திரும்பினார். கால் முறிந்த அந்தப் பெடியன் தான் நடக்கமுடியாமல் இருந்த இரண்டு மாதமும் எங்கள் கொப்பியை எழுதினான். அவன் எழுதிய பக்கங்களைப் பார்த்துத்தான் எங்கள் கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பகுதி வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வந்ததைக் கண்டோம். இப்போது பாய்ந்து உதைக்கும் பயிற்சியை முதல் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுகிறோம்.